சாயம் போகுமா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து நாலு.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நான் ஆறு வருடமாக அங்கே கிருமித் தட்டு எண்ணுகிறவள், பெயர் வசந்தாமணி. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

குரு, பியூலா மேடம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கிருமிகளைப் பற்றிப் படித்துவிட்டு எங்கள் கல்லூரிக்கு வேலைக்கு வந்தவர். ஒரு கேள்வி கேட்டால் லேசில் பதில் சொல்லமாட்டார். எதையாவது எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதை வைத்துக்கொண்டு நாம் முழிக்க வேண்டும். வேலைக்கு வந்த இடத்தில் இது என்ன கூத்து என்று முதல் வருடம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு பழகிவிட்டது.

சீடர், காளியண்ணன் மாஸ்டர். ஈரோட்டுச் சாயப்பட்டறைகளில் முப்பத்தோரு வருடம் டையிங் மாஸ்டர். துணிக்கடைக்குப் போனால் நாம் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதானே, சாயம் போகுமா என்று. காளியண்ணன் மாஸ்டர் போட்ட துணி என்றால் கடைக்காரர்கள் அதைக் கேட்பதில்லை. நிறம் போச்சென்று அவர் போட்டு அனுப்பின துணி மூட்டை, லாட் என்பார்கள், ஒன்றுகூடப் பட்டறைக்குத் திரும்பி வந்தது கிடையாது. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பேர் வேறு இல்லை.

அவர் எங்களிடம் வந்தது தம்பியால். தம்பி ராசப்பனுக்குக் காலில் சின்ன ஆபரேஷன். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வார்டில் படுத்திருந்தபோது புண்ணில் கிருமி ஏறி, பத்தொன்பதாம் நாள் மனிதர் போய்விட்டார். அந்தப் பத்தொன்பது நாளும் மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைக் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

காரியம் முடிந்த மறுவாரம் மொட்டைத் தலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, அந்தத் திரைத்துணியே கிருமியைக் கொல்றாப்பல பண்ண முடியாதுங்களா?"

மேடம் ரோஸ் நிறத்தில் உள்ளங்கை அகலத் துணி இரண்டை எடுத்தார். இரண்டிலும் ஒரே அளவு கிருமியை விட்டார். ஒன்றை ஜன்னலோரம் வைத்தார். இன்னொன்றை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை மாஸ்டர் கையில் கொடுத்தார்.

"சாயங்காலம் திறங்க. ரெண்டுலயும் மிச்சம் இருக்கிறதை வசந்தா தட்டுல விடுவா. நாளைக்கு வந்து எண்ணிப் பாருங்க."

மறுநாள் பீரோத் துணியின் தட்டில் கோலப்பொடியைக் கொட்டினாற்போல் வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் பிழைத்துப் பெருகின ஒரு கிருமிக் குடும்பம். ஜன்னல் துணியின் தட்டில் இரண்டே புள்ளி.

"ஜன்னல்ல என்னங்க இருக்குது?" என்றார் மாஸ்டர்.

"வெளிச்சம்," என்றார் மேடம்.

எனக்குப் புரிந்த வரைக்கும் விஷயம் இதுதான். அந்த ரோஸ் சாயம் வெளிச்சத்தை வாங்கி, துணியை ஒட்டியிருக்கிற காற்றுக்குக் கொடுக்கும். அந்தக் காற்றுக்கு வெறி பிடித்து, பக்கத்தில் இருக்கிற கிருமியை அடித்துப்போடும். மருந்து தெளிக்க வேண்டியதில்லை. துவைத்துத் துவைத்துத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். மேடத்தின் பிரச்சினை, இரண்டு துவைப்பில் சாயம் வாளித் தண்ணீரோடு போய்விடும். மாஸ்டர் வந்து அதைத் தீர்த்தார். இரண்டு வருடம் போராடி, ஐம்பது துவைப்புக்கும் நிற்கிற மாதிரி நூலோடு பிடிக்க வைத்தார். மேடத்துக்கு அவர் மேல் அப்படி ஒரு மரியாதை. அவருக்கு மேடத்தின் மேல் பக்தியே உண்டு.

அப்புறம்தான் சிக்கல் வந்தது.

மாஸ்டர் சொல்லிக் கொடுத்த முறையில் மேடம் இங்கே ஆய்வுக்கூடத்தில் சின்னப் பாத்திரத்தில் போட்ட துணி கிருமியைக் கொன்றது. அதே முறையில் மாஸ்டர் பட்டறையில் நூறு மீட்டர் போட்டார். கொல்லவில்லை. இரண்டாவது நூறும் கொல்லவில்லை. மூன்றாவது லாட்டின் தட்டை நான் எண்ணியது ஒரு செவ்வாய்க்கிழமை.

அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கமிட்டி. பெரிய லாட்டிலிருந்து வெட்டின துணி தேறினால், ஆண்கள் அறுவை வார்டு முழுக்க எங்கள் திரை. தேறாவிட்டால், மாட்டிக் கழற்றி எறிகிற பிளாஸ்டிக் திரைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், நம் பேச்சு அத்தோடு முடிந்தது. அது ராசப்பன் படுத்திருந்த வார்டு.

"எத்தனை அம்மிணி?" என்றார் மாஸ்டர்.

"இருநூத்திப் பதினாலுங்க."

"இருட்டுல, பீரோவுல வச்ச துணிக்கு?"

"இருநூத்தி இருவது."

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார்.

"மேடம் கையால போட்டா சாகுது. நான் போட்டா பொழைச்சுக்குது. கிருமிக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சாட்ட இருக்குது," என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

மேடம் கேட்டார். "சாயம்?"

"ஒரே டப்பாதானுங்க."

"தண்ணி?"

"நீங்க சொன்ன வடிகட்டின தண்ணிதானுங்க. துணியும் அதே துணி. சூடு, நேரம், எல்லாம் கடியாரம் வச்சுப் பண்றனுங்க."

"என்னென்ன செய்றீங்களோ அத்தனையும் எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்தில் பதினொரு வரி. மேடம் இரண்டு தடவை படித்தார். எனக்கும் ஆவலாக இருந்தது, எட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. மேடம் தாளை என்னிடம் நீட்டினார்.

"வசந்தா, நாளைக்கு நீ சாயம் போடு."

"நானா மேடம்? வீட்டுல வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டாலே திட்டுத் திட்டாத்தான் வரும்."

"அதனாலதான்," என்றார் மேடம். "மாஸ்டர், நீங்க பட்டறையில உபயோகிக்கிற சாமான் அத்தனையும் கொண்டு வாங்க. நாளைக்கு ஸ்டூல்ல உட்காருங்க. வாயால சொல்லலாம். கையால தொடக்கூடாது."

புதன்கிழமை காலையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். மாஸ்டர் ஒரு கட்டைப்பை நிறையக் கேன்களோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அடுப்பில் பாத்திரத்தை வைத்தேன்.

"துணியை நனைச்சுப்போட்டு விடு அம்மிணி. காஞ்ச துணியை விட்டா ஒரு பக்கம்தான் குடிக்கும்."

"நனைச்சாச்சுங்க."

"உப்பை ஒரேயடியாக் கொட்டாதே. கொட்டிப்போட்டியா? சரி, போகட்டும். கலக்கு. அப்படிக் கலக்காதே, பருப்பா கடையறே? புரட்டிப் புரட்டி விடு."

"கை சுடுதுங்க."

"சுடத்தான் செய்யும். மேல வர்ற மடிப்பை அமுக்கு. திட்டு விழுகுது பாரு. ஐயோ, அங்க பாரு, அங்க."

மனிதரால் உட்கார முடியவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். பதினொரு வரியும் முடிந்தது. நான் பிழிந்து கொடியில் போட்டேன். என் பேரனுக்கு அம்மை இறங்கினபோது முதுகு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது துணி. மாஸ்டர் எழுந்து கிட்டே போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை தட்டு எண்ணினேன். நாலு புள்ளி.

திரும்ப எண்ணினேன். நாலுதான். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் பெருமை ஓடிப்போய்விட்டது. அவர் கொண்டு வந்த மதியச் சோற்றைத் திறக்கவே இல்லை.

"ஏனுங்க மேடம், முப்பத்தோரு வருசமாப் பண்றேன். இந்தப் பொண்ணு முந்தாநாள் வரைக்கும் சாயத்தைத் தொட்டதில்லை. இவ என்னங்க பண்ணிப்போட்டா, நான் பண்ணாதது?"

மேடம் அடுப்பைப் பற்றவைத்தார். புதுத் துணி ஒன்றை மாஸ்டரிடம் கொடுத்தார். அவர் எழுதின தாளை என்னிடம் கொடுத்தார்.

"இப்ப நீங்க போடுங்க மாஸ்டர். வசந்தா, இதுல எழுதாத ஒண்ணை அவர் செஞ்சா கையைப் பிடிச்சுக்கோ."

"எழுதாதது ஒண்ணும் இல்லீங்க," என்றார் மாஸ்டர்.

"சரி."

அவர் சாயம் போடுவதை நான் அன்றைக்குத்தான் கிட்டே நின்று பார்த்தேன். என்ன சொல்ல. துணி அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு மடிப்பு, ஒரு திட்டு கிடையாது. நான் தாளில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. எல்லாம் எழுதினபடியேதான் நடந்தது. பதினொன்றும் முடிந்தது. துணியை அலசிப் பிழிந்தார். என் பேரன் எந்தப் பள்ளிக்கூடம் போகிறான் என்று கேட்டார். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே பைக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைக் கேனை எடுத்து மூடியைத் திருகினார்.

நான் கையைப் பிடித்தேன்.

"என்ன அம்மிணி?"

"இது எழுதலீங்க."

"எது?" என்று தன் கையைப் பார்த்தார். கேன் அங்கே எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாத மாதிரி பார்த்தார். "இதுங்களா? இது சாயத்துல சேர்த்தி இல்லீங்க. கடைசித் தண்ணி. எல்லாத் துணிக்கும் ஊத்துறதுதான். சோறு வடிச்சா மூடி வைக்கிறதில்லீங்களா, அந்த மாதிரி."

மேடம் கிட்டே வந்தார். "எதுக்கு ஊத்துவாங்க?"

"வெயில்பட்டா நிறம் போகாம இருக்கிறதுக்குங்க."

சொன்னவர் அப்படியே நின்றார். அடுப்பை நான்தான் அணைத்தேன்.

"வெளிச்சத்தை அண்டவிடாம பண்ணுமுங்க இது," என்றார் மெதுவாக, யாருக்கோ பாடம் சொல்கிற மாதிரி.

"ஆமா," என்றார் மேடம். "சாயத்துக்குப் போக வேண்டியதை இது நடுவுல வாங்கி வச்சுக்குது."

"முந்நூறு மீட்டருங்க. மூணு தடவை. எழுதுங்கன்னு சொன்னீங்களே, அப்பக்கூட ஞாபகம் வரலீங்களே எனக்கு."

"மூச்சு விட்டேன்னு யாரும் எழுதமாட்டாங்க மாஸ்டர்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமா, நிம்மதியா, இரண்டுமா தெரியவில்லை. அப்பாடா, சிக்கல் தீர்ந்தது, திங்கட்கிழமை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

எனக்கு என்ன தெரியும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

வெள்ளிக்கிழமை காலையில் மாஸ்டர் பட்டறைக்குப் போய் நூறு மீட்டர் போட்டிருக்க வேண்டும். அவரோ நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"பாதி ஊத்தலாங்க மேடம்."

"எது?"

"கடைசித் தண்ணிதானுங்க. முழுசா வேண்டாம். பாதி. இல்லீன்னா ஒரு மூடி."

மேடம் முகம் சுளிக்கவில்லை. அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை போல. "ஊத்திப் பாருங்க," என்றார்.

ஊற்றிப் பார்த்தோம். சனிக்கிழமை காலையில் தட்டு வந்தது. பாதி ஊற்றினதில் தொண்ணூற்றாறு. ஒரு மூடி ஊற்றினதில் நாற்பத்தொன்று. ஒன்றும் ஊற்றாததில் ஐந்து.

"ஒரு மூடிக்கு நாப்பத்தொண்ணுதானுங்க," என்றார் மாஸ்டர். "இருநூத்திப் பதினாலு இருந்த இடத்துல நாப்பத்தொண்ணு. பரவால்லீங்களே. நிறமும் ஒரு வருசம் தாங்கும்."

"சரி. அந்த நாப்பத்தொண்ணையும் எந்தக் கட்டில்ல விடலாம் மாஸ்டர்?"

இதை மேடம் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே இடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதனால்தான் மாஸ்டருக்கு அடி பலமாக விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பேச ஆரம்பித்தபோது குரல் ஏறியது.

"உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க மேடம். எங்க ஊர்ல ஒரு மாஸ்டரோட துணி நிறம் போச்சுன்னு திரும்பி வந்தா, அந்த மூட்டையைப் பட்டறை வாசல்லயே போட்டு வச்சிருப்பாங்க. போறவன் வர்றவன் எல்லாம் பார்ப்பான். என் வாசல்ல அப்படி ஒண்ணு விழுந்ததில்லீங்க, முப்பத்தோரு வருசத்துல. இப்ப நானே தெரிஞ்சே சாயம் போற துணியைப் போட்டு அனுப்பறதுங்களா? நாலு மாசத்துல அந்தத் திரை வெளுத்துப்போய்த் தொங்கும். யாருடா போட்டான்னு கேப்பாங்க. காளியண்ணன்னு சொல்லுவாங்க. என் தம்பி செத்த வார்டுலயே என் பேரும் சாகணுமுங்களா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு பேசி அவரை நான் பார்த்ததில்லை.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் உடனே. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாயமும் போகக்கூடாது, கிருமியும் சாகணும். அப்படி ஒரு வழி இல்லவே இல்லீங்களா?"

மேடம் எழுந்து விளக்குப் பெட்டியைத் திறந்தார். நாலு மாத வெளிச்சத்தை இரண்டு நாளில் கொடுக்கிற பெட்டி அது. வியாழக்கிழமை மத்தியானம் அதற்குள் ஏதோ வைத்திருந்தார், என்னவென்று நான் கவனிக்கவில்லை. வெளியே எடுத்தபோதுதான் பார்த்தேன். நான் திட்டுத் திட்டாகப் போட்ட துணி. அதில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, ஊசிநூலால் தைத்திருந்தார். தையலைப் பிரித்துத் துணியை மாஸ்டர் மடியில் விரித்தார்.

மூடியிருந்த பாதி அடித்த ரோஸ், போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே. திறந்திருந்த பாதி வெளுத்து, மாதுளம்பழத்தைத் தின்ற வாய் கொப்பளித்த தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மேடம் இரண்டு தட்டைக் கொண்டு வந்தார். முந்தின நாள் சாயங்காலம், துணி பெட்டிக்குள் இருந்தபடியே, தாளுக்கு அடியிலும் தாளுக்கு வெளியிலும் கிருமியை விட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு தட்டில் இடமே இல்லாமல் புள்ளி. அதை நிறம் போகாத பாதியின் மேல் வைத்தார். வெளுத்த பாதியின் மேல் இன்னொரு தட்டை வைத்தார். அதில் ஆறு புள்ளி.

மாஸ்டர் அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் வெளுத்த பாதியைத் தொட்டார். கட்டைவிரலால் தேய்த்தார். கோபம் போய், அவர் முகத்தில் பழைய ஆர்வம் வந்தது. முதல் நாள் பீரோச் சாவியை வாங்கினபோது இருந்த முகம்.

"ஏனுங்க மேடம். துவைக்காமயே வெளுத்திருக்குது. வாளித் தண்ணியில போகலை. அப்ப இங்க இருந்த நிறம் எங்கீங்க போச்சு?"

மேடம் ஆறு புள்ளித் தட்டை எடுத்து, வெறுமையாக இருந்த இடத்தை விரலால் காட்டினார்.

"இங்க."

வெளியே கல்லூரிப் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. மாஸ்டர் வெளுத்த பாதியின் ஓரத்தை விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மிச்சம் இருக்கிற நிறமும் போயிட்டா?"

"அப்புறம் கொல்லாது."

"அப்ப?"

"உங்ககிட்ட வரும். மறுபடி போட்டுக் கொடுப்பீங்க."

"திரும்பி வருமுங்களா?"

"வரும்."

"எத்தனை தடவை?"

"துணி கிழியற வரைக்கும்."

மாஸ்டர் எழுந்தார். கட்டைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்றார். திரும்பி வந்து, பையிலிருந்து அந்த வெள்ளைக் கேனை எடுத்து என் மேசையில் வைத்தார். "பையில இருந்தா கை தன்னால போகும் அம்மிணி," என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டுக் கொண்டு வருவாரா, இல்லை இத்தோடு விட்டுவிடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. மேடத்திடம் கேட்டேன். அவர் தட்டுகளைக் கழுவப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைப் பையன் ஸ்கூட்டரில் வந்து துணியைக் கொடுத்துவிட்டுப் போனான். நூறு மீட்டரிலிருந்து வெட்டின துண்டு. அவ்வளவு அழகான ரோஸை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வரை வெளிச்சத்தில் வைத்துத் தட்டுப் போட்டேன். திங்கட்கிழமை காலையில் எண்ணினேன். மூன்று.

கமிட்டி பதினோரு மணிக்கு. ஆஸ்பத்திரி மாடியில் ஒரு நீள மேசை. நாலைந்து டாக்டர்கள், கொள்முதல் பார்க்கிற ஒரு அதிகாரி, அவர் முன்னால் பிளாஸ்டிக் திரையின் மாதிரி. கடைசி நாற்காலியில் ஷகிலா பானு சிஸ்டர். அந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ். டாக்டர்கள் மேடம் கொடுத்த தாள்களைப் புரட்டி, எண்களைக் கேட்டார்கள். மேடம் சொன்னார். தலையை ஆட்டினார்கள். கடைசியில் பெரிய டாக்டர், "வார்டுல கூட இருந்து பார்க்கப் போறது சிஸ்டர்தான். அவங்க சரின்னா சரி," என்றார்.

சிஸ்டர் தாள்களைத் தொடவே இல்லை. துணியைக் கையில் எடுத்தார். இழுத்துப் பார்த்தார். கசக்கிப் பார்த்தார். விரலை எச்சிலில் நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார், கடையில் நாம் எல்லாரும் பார்க்கிற மாதிரி. அப்புறம் நிமிர்ந்து, யாரைக் கேட்க வேண்டும் என்று சரியாகத் தெரிந்த மாதிரி மாஸ்டரைப் பார்த்தார்.

"சாயம் போகுமா?"

அந்தக் கேள்விக்கு அவர் வாயிலிருந்து முப்பத்தோரு வருடமாக வந்தது ஒரே பதில். மேடத்தைப் பார்த்தேன். மடியில் கையை வைத்துக்கொண்டு, மாஸ்டர் என்ன சொல்லப் போகிறார் என்று அவரும் காத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"போகுங்க."

கொள்முதல் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "போகுமா? இந்த பிளாஸ்டிக் போகாதே."

"துவைச்சுப் போகாதுங்க. வெளிச்சத்துல போகும்," என்றார் மாஸ்டர், சிஸ்டரைப் பார்த்தே. "ஜன்னலோரத்துத் திரை நாலு மாசத்துல வெளுக்கும். உள்ள தள்ளி இருக்கிறது ஆறேழு மாசம் ஆகும். வெளுத்ததைக் கழட்டிக் கொடுத்து விடுங்க, நான் மறுபடி போட்டுத் தர்றனுங்க. எத்தனை தடவை வந்தாலும் போட்டுத் தர்றேன்."

"போகாதுன்னு சொல்லிக் கொடுக்கிறவங்களைத்தான் நான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன்," என்றார் சிஸ்டர்.

"நானும் அப்படிச் சொல்லிட்டு இருந்தவன்தானுங்க."

சிஸ்டர் துணியை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பெரிய டாக்டரும் போட்டார். நாங்கள் எழுந்தோம்.

"கவலைப்படாதீங்க மாஸ்டர்," என்றார் சிஸ்டர். "நல்ல நிறம். கெட்டுப்போகாமப் பத்திரமா வச்சுக்கிறோம்."

"பத்திரமா வைக்காதீங்க சிஸ்டர். ஜன்னலை எல்லாம் நல்லாத் திறந்து விடுங்க," என்றார் மாஸ்டர். "ஆறேழு மாசம் கழிச்சு எல்லாத் திரையும் வெளுத்து நிக்கையில, ஒரு திரை மட்டும் நிறம் போகாம அப்படியே இருந்துச்சுன்னா, அந்தக் கட்டில்ல யாரையும் படுக்க வைக்காதீங்க. எனக்குச் சொல்லி அனுப்புங்க. நான் வந்து என்னன்னு பார்க்கறேன்."